காஃப்கா டாபிக்கிலிருந்து எஸ்க்யூஎஸ் க்யூவுக்கு: சிங்க் கனெக்டர் அமைப்பது எப்படி

காஃப்கா என்னும் செய்தி ஓட்டத் தளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டாபிக்கின் (பெயரிட்ட செய்தித் தொடர்) செய்திகளை அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் க்யூ ஒன்றில் கொண்டுபோய்ப் போட வேண்டும், அந்தப் பக்கம் ஒரு லாம்டாவோ (அமேசானில் தேவைப்படும்போது மட்டும் ஓடும் கோடு) வேறொரு டீமின் சர்வீஸோ அதை எடுத்துக்கொள்ளும் என்றால், அதற்காகத் தனியாக ஒரு புரோகிராம் எழுதி, டெப்லாய் செய்து, காலத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. காஃப்காவோடு வரும் காஃப்கா கனெக்ட் என்ற இணைப்புக் கருவியில் ஒரு சிங்க் கனெக்டர், அதாவது செய்திகளைக் காஃப்காவிலிருந்து வெளியே கொண்டுபோகும் இணைப்பி, வைத்தால் போதும். கோடு எழுத ஒன்றும் இல்லை, பதினைந்து இருபது வரி ஜேஸான்தான்.

அந்த இருபது வரியில் செய்தியை அனுப்புவதற்கானவை நான்கோ ஐந்தோதான். மற்றதெல்லாம், அனுப்ப முடியாமல் போனால் என்ன ஆக வேண்டும் என்பதற்கானவை. தேடினால் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் முதல் ஐந்து வரியோடு நின்றுவிடுகின்றன. அதை அப்படியே எடுத்துப் போட்டால் முதல் நாள் அருமையாக ஓடும், அப்புறம் கோணலான ஒரு செய்தி வந்ததும் கனெக்டரின் வேலையை உண்மையில் செய்யும் டாஸ்க் செத்துவிடும், கனெக்டர் மட்டும் 'ரன்னிங்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே அனுப்பும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மீதியில்தான் நேரம் செலவழிக்கப் போகிறேன்.

அப்பாச்சி கேமல் திட்டத்தின் எஸ்க்யூஎஸ் சிங்க் கனெக்டரை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ப்ளகின் என்றால் சில அமைப்புகளின் பெயர் மாறும், வேலை மாறாது. பெயர்களைத் தமிழ் எழுத்தில் புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன், கோப்பில் ப்ளகினின் ஆவணத்தில் இருக்கும் எழுத்திலேயே போடுங்கள்.

முதலில் க்யூ

கனெக்டரையே க்யூவை உருவாக்கச் சொல்லும் வசதி உண்டு, ஆட்டோகிரியேட்க்யூ என்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் புதிதாக ஒரு க்யூ முளைத்து, செய்திகள் எல்லாம் யாரும் படிக்காத இடத்தில் போய்ச் சேரும், பிழை என்று ஒன்றும் வராது. க்யூவை நீங்களே உருவாக்குங்கள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

உருவாக்கும்போதே மூன்று விஷயங்களைப் பாருங்கள். செய்தி எத்தனை நாள் தங்கும் என்பது இயல்பாக 4 நாள், அதிகபட்சம் 14 நாள் வைக்கலாம். காஃப்காவில் ஒரு மாதம் வைத்திருப்பவர்கள் க்யூவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள், அப்படி இல்லை, எடுக்கும் சர்வீஸ் நீண்ட விடுமுறையில் நின்றுபோனால் ஐந்தாம் நாள் வந்து பார்க்கும்போது பழைய செய்திகள் காணாமல் போயிருக்கும். அடுத்தது விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது ஒருவர் எடுத்த செய்தி மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம், இயல்பாக 30 விநாடி. எடுப்பவர் ஒரு செய்தியை முடிக்க ஒரு நிமிடம் ஆகும் என்றால் இதைக் கூட்டாமல் விட்டால் அதே செய்தி மறுபடி மறுபடி வெளியே வரும், பழி உங்கள் கனெக்டர் மேல்தான் விழும். மூன்றாவது, சாதாரண க்யூவா, வந்த வரிசையிலேயே வெளியே தரும் ஃபிஃபோவா என்பது. அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம், ஆனால் முடிவை இப்போதே எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வகையை உருவாக்கிய பிறகு இன்னொரு வகையாக மாற்ற முடியாது.

அனுமதி

பாதி நேரம் இங்கேதான் போகும். கனெக்டருக்குத் தேவையான அனுமதி மிகக் குறைவு: செண்ட்மெசேஜ், கெட்க்யூயூஆர்எல், கெட்க்யூஆட்ரிபியூட்ஸ், இந்த மூன்றும் அந்த ஒரு க்யூவின் ஏஆர்என்-க்கு (அமேசான் கொடுக்கும் தனி அடையாளப் பெயர்) மட்டும். மொத்தமாக அனுப்பும் பேட்ச் அழைப்புக்கும் செண்ட்மெசேஜ் அனுமதியே போதும், தனியாக எதுவும் தேவையில்லை. எஸ்க்யூஎஸ் நட்சத்திரக்குறி என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சீக்கிரம் வேலை முடியும்தான், ஆனால் அந்த அனுமதியில் க்யூவை அழிப்பதும் காலி செய்வதும் அடங்கும்.

க்யூவுக்கு நீங்களே உருவாக்கிய கேஎம்எஸ் (அமேசானின் சாவி நிர்வாகச் சேவை) சாவியால் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் அந்தச் சாவியின் மேல் ஜெனரேட்டேட்டாகீ, டிக்ரிப்ட் இரண்டும் வேண்டும். 'நான் அனுப்ப மட்டும்தானே செய்கிறேன், டிக்ரிப்ட் எதற்கு' என்று அதை விட்டுவிடுவார்கள், அப்புறம் செண்ட்மெசேஜ் அனுமதி பளிச்சென்று இருக்கும்போதே அனுமதி மறுப்பு வருகிறதே என்று குழம்புவார்கள். பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் அதற்குள் கேஎம்எஸ் என்ற சொல் இருக்கும்.

க்யூ வேறொரு அக்கவுண்டில் இருந்தால் உங்கள் பக்கத்து ஐஏஎம் (அமேசானின் அனுமதி நிர்வாகம்) பாலிசி மட்டும் போதாது, க்யூவின் மேல் போடும் பாலிசியிலும் உங்கள் ரோலை அனுமதிக்க வேண்டும், இரண்டு பக்கமும் திறந்தால்தான் கதவு திறக்கும். அந்த க்யூவில் அமேசானே நிர்வகிக்கும் கேஎம்எஸ் சாவி போட்டிருந்தால் எவ்வளவு முயன்றாலும் நடக்காது, அந்தச் சாவியின் பாலிசியை யாரும் திருத்த முடியாது என்பதால் அதை இன்னொரு அக்கவுண்டோடு பகிர வழியில்லை. க்யூ வைத்திருப்பவர்களிடம் சொல்லித் தனிச் சாவிக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது எஸ்க்யூஎஸ்ஸே பார்த்துக்கொள்ளும் என்க்ரிப்ஷனுக்கு மாறச் சொல்லுங்கள்.

கனெக்டரைத் தொடுவதற்கு முன்பே இதையெல்லாம் சோதித்துவிட வேண்டும். கனெக்ட் வொர்க்கர் (கனெக்டர்களை ஓட்டும் புரோசஸ்) ஓடும் அதே மெஷினுக்குள், கன்டெய்னர் என்றால் அதே கன்டெய்னருக்குள் போய், ஏடபிள்யூஎஸ் கமாண்ட் லைனில் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி என்று அடித்து நீங்கள் யாராக உள்ளே போகிறீர்கள் என்று பாருங்கள். நினைத்த ரோல்தான் வருகிறது என்றால் எஸ்க்யூஎஸ் செண்ட்-மெசேஜ் அடித்து ஒரே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் இருந்து போகிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள், அங்கே ஓடுவது உங்கள் தனிப்பட்ட அனுமதி. செய்தி போகாமல் பிழையும் வராமல் அப்படியே தொங்கினால் அது நெட்வொர்க். இணைய வழி இல்லாத சப்நெட்டில் வொர்க்கர் இருக்கிறது என்று பொருள், எஸ்க்யூஎஸ்ஸுக்கு ஒரு விபிசி எண்ட்பாயிண்ட் (இணையம் வழியாகப் போகாத தனி வாசல்) போட்டு அதன் செக்யூரிட்டி குரூப்பில் 443 போர்ட்டைத் திறக்க வேண்டும்.

இன்னொரு பிழை எல்லோரையும் ஒருமுறையாவது சுற்றலில் விடும்: 'இந்த டபிள்யூஎஸ்டிஎல் வெர்ஷனில் அப்படி ஒரு க்யூ இல்லை' என்கிற மாதிரி வரும். வெர்ஷனைத் தேடிப் போகாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரீஜன் தவறு, பெயர் தவறு, அல்லது அக்கவுண்ட் தவறு, இந்த மூன்றில் ஒன்றுதான்.

ப்ளகினும் அடிப்படை அமைப்பும்

ப்ளகின் தொகுப்பை இறக்கி, வொர்க்கரின் ப்ளகின்.பாத் சுட்டும் ஃபோல்டருக்குள் அதற்கென்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு அவிழ்த்து வையுங்கள். கிளஸ்டரில் எத்தனை வொர்க்கர் இருக்கிறதோ அத்தனையிலும் செய்ய வேண்டும், பிறகு ரீஸ்டார்ட். 8083 போர்ட்டில் கனெக்டர்-ப்ளகின்ஸ் என்ற முகவரியைக் கேட்டால் பட்டியலில் உங்கள் கிளாஸ் பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

இப்போது ஜேஸான். கனெக்டர்.கிளாஸ், டாபிக்ஸ், டாஸ்க்ஸ்.மேக்ஸ், க்யூ பெயர் அல்லது ஏஆர்என், ரீஜன். அனுப்புவதற்கு இவ்வளவுதான். டாஸ்க்ஸ்.மேக்ஸை டாபிக்கின் பார்ட்டிஷன் (டாபிக் பிரிந்திருக்கும் துண்டு) எண்ணிக்கைக்கு மேல் வைப்பதில் பயனில்லை, ஒரு பார்ட்டிஷனை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்தான் படிக்கும், மிச்ச டாஸ்க்குகள் சும்மா உட்கார்ந்திருக்கும். முதலில் 1 வைத்து ஓட்டிப் பாருங்கள், லாக் படிக்கவும் அதுதான் எளிது.

ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ இரண்டையும் நேராக அந்த ஜேஸானில் எழுதலாம், எழுதாதீர்கள். கனெக்டரின் கான்ஃபிக் முகவரியை யார் கேட்டாலும் அதை அப்படியே காட்டிவிடும், கனெக்ட் தன் அமைப்புகளைச் சேமிக்கும் உள் டாபிக்கிலும் அது வெட்டவெளிச்சமாகக் கிடக்கும். வொர்க்கர் அமேசான் கிளவுடிலேயே ஓடுகிறது என்றால் மெஷினுக்கோ பாடுக்கோ ஒரு ரோல் கொடுத்து, யூஸ்டிஃபால்ட்கிரெடென்ஷியல்ஸ்புரொவைடர் என்பதை ட்ரூ ஆக்குங்கள், சாவியே தேவையில்லை. வெளியே ஓடுகிறது, சாவி இல்லாமல் முடியாது என்றால் வொர்க்கர் அமைப்பில் ஃபைல்கான்ஃபிக்புரொவைடரைப் போட்டு, சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, ஜேஸானில் அந்தக் கோப்பைச் சுட்டும் குறிப்பை மட்டும் எழுதுங்கள்.

செய்தியின் உடல்

எஸ்க்யூஎஸ் செய்தி என்பது உரை. காஃப்கா செய்தி வெறும் பைட்டுகள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கன்வெர்ட்டர், அதைத் தவறாக வைத்தால் வரும் பிழைகளில் பாதி பிழை மாதிரியே தெரியாது.

டாபிக்கில் ஏற்கெனவே ஜேஸான் உரையாகத்தான் இருக்கிறது, அதை அப்படியே அந்தப் பக்கம் தள்ளினால் போதும் என்றால் வேல்யூ.கன்வெர்ட்டராக ஸ்ட்ரிங்கன்வெர்ட்டரை வையுங்கள். அது எதையும் பிரித்துப் பார்க்காது, வந்ததை வந்தபடி அனுப்பும், என்னைக் கேட்டால் பெரும்பாலான வேலைக்கு இதுதான் சரி. ஜேஸான் என்றாலே ஜேஸான்கன்வெர்ட்டர்தான் போட வேண்டும் என்று நினைத்து அதைப் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று, ஸ்கீமாஸ்.எனேபிள் இயல்பாக ட்ரூ, அப்போது அது ஒவ்வொரு செய்தியிலும் ஸ்கீமா, பேலோட் என்று இரண்டு புலங்களை எதிர்பார்க்கும், சாதாரண ஜேஸானைப் பார்த்ததும் பிழை எறியும். அதை ஃபால்ஸ் ஆக்கினால் அது தீரும். இரண்டாவது கொஞ்சம் வஞ்சகமானது: கன்வெர்ட்டர் ஜேஸானைப் பிரித்து ஜாவா மேப் ஆக்கிக் கனெக்டரிடம் கொடுக்கும், கனெக்டர் அதைத் திரும்ப ஜேஸான் ஆக்காமல் அப்படியே உரையாக மாற்றினால் மேற்கோள் குறிகள் இல்லாமல், முக்காற்புள்ளிக்குப் பதில் சமக்குறியோடு ஏதோ ஒன்று க்யூவில் போய் விழும். தூரத்தில் இருந்து பார்க்க ஜேஸான் மாதிரியே இருக்கும், எடுப்பவரின் பார்சர்தான் கத்தும். அவ்ரோ (ஒரு பைனரி வடிவம்) டாபிக்கில் அவ்ரோ கன்வெர்ட்டர் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. எனவே முதல் செய்தி போனதும் க்யூவைத் திறந்து, உடலை நகலெடுத்து, ஒரு ஜேஸான் சரிபார்ப்பானில் போட்டுப் பாருங்கள்.

அளவு. நீண்ட காலமாக எஸ்க்யூஎஸ் செய்திக்கு உச்சவரம்பு 256 கிலோபைட்டாக இருந்தது, 2025 ஆகஸ்டில் 1 மெபிபைட்டாக உயர்த்தினார்கள். ஆனால் க்யூவிலேயே அதிகபட்ச அளவு என்று ஓர் அமைப்பு உண்டு, பழைய க்யூ என்றால் அது 256 கிலோபைட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதையும் தாண்டும் செய்திகள் வரும் என்றால் உடலை எஸ்3-இல் போட்டு அதன் முகவரியை மட்டும் க்யூவில் அனுப்புவதுதான் வழக்கமான வழி, அதற்கு எடுப்பவரும் ஒத்துழைக்க வேண்டும். இதோடு, ஒரே பேட்ச்சில் 10 செய்திதான் போகும், பத்தும் சேர்ந்தே அந்த உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். கட்டணமும் 64 கிலோபைட் துண்டு ஒன்றுக்கு ஒரு கோரிக்கை என்று கணக்காகிறது, ஆகவே தேவையில்லாத புலங்களை அனுப்புமுன்பே கழற்றிவிடுவது நல்லது.

காலி உடலை எஸ்க்யூஎஸ் ஏற்காது. கம்பேக்ட் செய்யப்படும் (ஒவ்வொரு கீக்கும் கடைசிச் செய்தியை மட்டும் வைத்திருக்கும்) டாபிக்குகளில் ஒரு கீயை அழிக்க வேல்யூ இல்லாத செய்தி வருமே, டூம்ஸ்டோன், அது கனெக்டருக்கு வந்ததும் சிக்கல்தான். காஃப்கா 2.6-இலிருந்து ஃபில்டர் என்ற டிரான்ஸ்ஃபார்மும் (செய்தியை வழியில் மாற்றும் அல்லது கழற்றும் படி) ரெக்கார்டுஇஸ்டூம்ஸ்டோன் என்ற பிரெடிக்கேட்டும் (நிபந்தனை) இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவை கனெக்டர் வரைக்கும் வராமலே விழுந்துவிடும். அழிப்புச் செய்தியும் அந்தப் பக்கத்துக்குத் தேவை என்றால் அதற்கு வேறு வடிவம் ஒன்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பிழை வந்தால்

எரர்ஸ்.டாலரன்ஸ் இயல்பாக நன், அதாவது முதல் மோசமான செய்தியிலேயே டாஸ்க் நின்றுவிடும். ஆல் என்று மாற்றினால் அதைத் தாண்டிப் போகும். சரி, ஆல் போட்டுவிடலாம் என்று அதோடு விட்டால் தாண்டிய செய்திகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது, சத்தமே இல்லாமல் தொலையும். ஆல் போட்டால் கூடவே எரர்ஸ்.டெட்லெட்டர்க்யூ.டாபிக்.நேம் போடுங்கள், தாண்டிய செய்திகள் அந்த டெட் லெட்டர் டாபிக்கில் சேரும், எரர்ஸ்.டெட்லெட்டர்க்யூ.கான்டெக்ஸ்ட்.ஹெடர்ஸ்.எனேபிள் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள், எந்த டாபிக், எந்த ஆஃப்செட் (பார்ட்டிஷனில் செய்தியின் இட எண்), என்ன பிழை என்பதெல்லாம் ஹெடரில் வந்துவிடும். எரர்ஸ்.லாக்.எனேபிளும் ட்ரூ. ஒரே ஒரு ப்ரோக்கர் (காஃப்கா சர்வர்) வைத்துச் சோதிக்கிறீர்கள் என்றால் அந்த டாபிக்கின் ரெப்ளிகேஷன் ஃபேக்டர் (எத்தனை பிரதி) இயல்பாக 3 என்பதால் டாஸ்க் கிளம்பவே கிளம்பாது, 1 ஆக்குங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: இந்த ஏற்பாடு கன்வெர்ட்டரிலும் டிரான்ஸ்ஃபார்மிலும் வரும் பிழைகளுக்கு. எஸ்க்யூஎஸ்ஸுக்கு அனுப்பும்போது வரும் பிழை இதற்குள் வர வேண்டும் என்றால் ப்ளகினே அதைத் தெரிவிக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும், காஃப்கா 2.6-இல்தான் அதற்கு வழியே வந்தது. உங்கள் ப்ளகின் அப்படிச் செய்கிறதா என்று ஆவணத்தில் தேடுங்கள், இல்லாவிட்டால் வேண்டுமென்றே ஒரு பெரிய செய்தியை அனுப்பிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேட்ச்சாக அனுப்பும் ப்ளகின் என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும், ஏனென்றால் பத்தில் இரண்டு தோற்றாலும் எஸ்க்யூஎஸ் 200 என்றுதான் பதில் சொல்லும், தோற்றவற்றின் பட்டியல் பதிலுக்குள் இருக்கும், அதைப் படிக்காத ப்ளகின் எல்லாம் போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொள்ளும்.

எஸ்க்யூஎஸ் பக்கத்திலும் டெட் லெட்டர் க்யூ என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஒன்று. அது எடுப்பவர் பலமுறை எடுத்தும் முடிக்க முடியாத செய்திகளுக்கு, நீங்கள் அனுப்பவே முடியாதது அங்கே போகாது. இரண்டும் வேண்டும். அந்த க்யூவுக்குத் தங்கும் காலத்தை மூல க்யூவைவிடக் கூடுதலாக வையுங்கள், சாதாரண க்யூவில் வயது முதலில் நுழைந்த நேரத்திலிருந்தே கணக்காகிறது, இடம் மாறியதால் புதிதாகத் தொடங்காது.

பழைய செய்திகள் வெள்ளமாக வருவது

சிங்க் கனெக்டர் முதல் முறை கிளம்பும்போது டாபிக்கை ஆரம்பத்திலிருந்து படிக்கும். சாதாரண கன்ஸ்யூமரின் இயல்பு லேட்டஸ்ட், கனெக்டில் அது இயர்லியஸ்ட். ஒரு மாதச் செய்தி டாபிக்கில் இருந்தால் ஒரு மாதச் செய்தியும் க்யூவுக்குப் போகும், அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் சர்வீஸ் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இனி வருபவை மட்டும் போதும் என்றால் கன்ஸ்யூமர்.ஓவர்ரைடு.ஆட்டோ.ஆஃப்செட்.ரீசெட் என்பதை லேட்டஸ்ட் ஆக்குங்கள். காஃப்கா 3.0-க்கு முந்தைய வொர்க்கர் என்றால் இப்படி மேலெழுத முதலில் வொர்க்கர் அமைப்பில் அனுமதி கொடுக்க வேண்டும்.

படித்த இடத்தை கனெக்ட் நினைவில் வைப்பது கனெக்டரின் பெயரை வைத்துத்தான், கன்ஸ்யூமர் குரூப்பின் பெயர் 'கனெக்ட்' ஹைஃபன் கனெக்டர் பெயர் என்று அமையும். பெயரை அழகாக மாற்றலாமே என்று மாற்றினால் அது புதுக் குரூப், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப உருவாக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். காஃப்கா 3.6-இலிருந்து கனெக்டரை ஸ்டாப் நிலையில் வைத்துவிட்டு ஆஃப்செட்டை முகவரி வழியாகவே மாற்றவோ அழிக்கவோ முடியும், அதற்கு முன் கன்ஸ்யூமர் குரூப் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

எப்படி அமைத்தாலும் சில செய்திகள் இரண்டு முறை போகத்தான் செய்யும். அனுப்பிய பிறகு, ஆஃப்செட்டைப் பதிவு செய்வதற்கு முன் வொர்க்கர் விழுந்தால் அதே செய்தி மறுபடி போகும். எடுப்பவர் இரட்டையைக் கண்டுபிடிக்க உடலுக்குள் தனித்த அடையாளம் ஒன்று இருக்க வேண்டும், ஆர்டர் எண் மாதிரி ஏதாவது ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும்.

ஃபிஃபோ வேண்டுமா

காஃப்காவில் ஒரு பார்ட்டிஷனுக்குள் வரிசை மாறாது. சாதாரண எஸ்க்யூஎஸ் க்யூவில் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. வரிசை முக்கியம் என்றால் ஃபிஃபோ க்யூ, அதன் பெயர் புள்ளி ஃபிஃபோ என்றுதான் முடிய வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் மெசேஜ் குரூப் ஐடி கட்டாயம். காஃப்கா கீயையே குரூப் ஐடியாக வைப்பதுதான் பொருத்தம். எல்லாவற்றுக்கும் ஒரே மாறாத ஐடியை வைத்தால் மொத்த க்யூவும் ஒற்றை வரிசையாகி, முன்னால் ஒன்று மாட்டிக்கொண்டால் பின்னால் எல்லாம் நிற்கும்.

இரட்டையைத் தடுக்கும் வசதி 5 நிமிடத்துக்குள் மட்டும். உள்ளடக்கத்தை வைத்துத் தடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் உடலின் ஷா-256 தான் அடையாளம், அப்போது உண்மையிலேயே ஒரே உடலோடு வரும் இரண்டு வேறு நிகழ்வுகளில் ஒன்று விழுங்கப்படும். ப்ளகின் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புது ஐடி உருவாக்கினால் தடுப்பே நடக்காது, ஃபிஃபோவுக்கு ஒத்துக்கொண்டதில் பாதி வீண். வேகமும் குறைவு: ஹை த்ரூபுட் முறை இல்லாவிட்டால் விநாடிக்கு 300 அழைப்பு, பத்துப் பத்தாக அனுப்பினால் 3000 செய்தி. எடுப்பவருக்கு வரிசை நிஜமாகவே தேவையா என்று ஒருமுறை கேட்டுவிட்டு இறங்குங்கள், 'இருந்தால் நல்லது' என்பதற்காக இவ்வளவையும் சுமக்க வேண்டாம்.

கிளப்பிப் பார்ப்பது

ஜேஸானை முதலில் வேலிடேட் முகவரிக்கு அனுப்புங்கள், விடுபட்ட புலங்களைச் சொல்லிவிடும். பிறகு கனெக்டர் பெயருக்குக் கீழே உள்ள கான்ஃபிக் முகவரிக்கு புட் செய்யுங்கள். போஸ்ட் செய்தால் ஏற்கெனவே இருக்கும் பெயருக்கு 409 வரும், புட் என்றால் இல்லாவிட்டால் உருவாக்கும், இருந்தால் மாற்றும். மாற்றும்போது முழு அமைப்பையும் அனுப்ப வேண்டும், திருத்திய ஒரு வரியை மட்டும் அனுப்பினால் மற்ற எல்லாம் போய்விடும்.

ஸ்டேட்டஸ் பார்க்கும்போது மேலே கனெக்டருக்கு நேராக இருக்கும் 'ரன்னிங்'கைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், கீழே டாஸ்க்ஸ் பட்டியலில் ஒவ்வொன்றின் நிலையையும் பாருங்கள். ஃபெயில்டு என்று இருந்தால் டிரேஸ் என்ற புலத்தில் காரணம் இருக்கும், கடைசியில் வரும் 'காஸ்டு பை' வரிதான் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லும். செத்த டாஸ்க் தானாக எழுந்து வராது. காஃப்கா 3.0-இலிருந்து ரீஸ்டார்ட் முகவரியில் இன்க்ளூட்டாஸ்க்ஸ், ஒன்லிஃபெயில்டு இரண்டையும் ட்ரூ என்று சேர்த்து அழைத்தால் விழுந்ததை மட்டும் எழுப்பலாம்.

அலாரம் இரண்டு இடத்தில் வையுங்கள். காஃப்காவில் அந்தக் கன்ஸ்யூமர் குரூப்பின் லேக் (இன்னும் படிக்காமல் மிச்சம் இருக்கும் செய்திகளின் எண்ணிக்கை), எஸ்க்யூஎஸ்ஸில் மிகப் பழைய செய்தியின் வயது. லேக் ஏறுகிறது என்றால் சிக்கல் கனெக்டரிடம். லேக் பூஜ்யத்தில் இருக்க க்யூவில் வயது மட்டும் ஏறுகிறது என்றால் எடுப்பவர் தூங்குகிறார், அந்த டீமைக் கூப்பிடுங்கள். இரண்டும் சாதாரணமாக இருந்தும் செய்தி வரவில்லை என்று யாராவது சொன்னால் நேராக உங்கள் டெட் லெட்டர் டாபிக்கைத் திறந்து ஹெடரைப் படியுங்கள், அந்த டாபிக்குக்கு ஒரு செய்தி வந்தாலே தகவல் வரும்படி மூன்றாவது அலாரம் ஒன்றும் வைத்துவிட்டால் அவர்கள் சொல்லும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.